டெக்சஸ் வேட்டை நிலத்தில் ட்ரெயில் கேமராவைக் காப்பாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்டின், டல்லஸ், ஹூஸ்டன் பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் ஊரைத் தாண்டி இருபது, நாற்பது ஏக்கர் வாங்கிப் போடுகிறார்கள். சிலர் நண்பர்களோடு சேர்ந்து மான் வேட்டைக்கு லீஸ் எடுக்கிறார்கள். முதல் வாரமே சோளம் கொட்டும் ஃபீடரும் ட்ரெயில் கேமராவும் மாட்டியாகிவிடும். சில மாதம் கழித்து எனக்கு போன் வரும்: "அண்ணே, கேமராவைக் காணோம்." லானோ கவுன்ட்டியில் எங்கள் நிலத்தில் எனக்கும் இரண்டு போயிருக்கிறது. எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், அவரவர் கேட்டபடியே கேள்வியைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் டெக்சஸுக்கு மட்டும்.

ட்ரெயில் கேமரான்னா என்ன? வீட்டுல மாட்டுற கேமராவே போதாதா?

வீட்டுக் கேமராவுக்குக் கரண்டும் வைஃபையும் வேண்டும். காட்டில் இரண்டும் கிடையாது. ட்ரெயில் கேமரா என்பது பெல்ட் போட்டு மரத்தில் கட்டும் சின்னப் பெட்டி. பெரும்பாலான மாடல்களில் 8 அல்லது 12 ஏஏ பேட்டரி போட வேண்டும். சூடான உடல் ஒன்று முன்னால் அசைந்தால் மட்டும் விழித்துக்கொண்டு படம் எடுக்கும். மற்ற நேரம் தூங்கும், அதனால் மாதக்கணக்கில் ஓடும்.

இதில் இரண்டு வகை. ஒன்று, படத்தை எஸ்டி கார்டில் மட்டும் சேமிப்பது. நாம் நடந்து போய் கார்டை எடுத்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று செல்லுலார்; எடுத்த படத்தை நம் போனுக்கே அனுப்பிவிடும். இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். கீழே பல பதில்கள் இதில்தான் வந்து நிற்கும்.

அத்துவானக் காட்டுக்குள்ள வந்து இதை எவன் சார் திருடுறான்?

டெக்சஸில் சுமார் 95 சதவீத நிலம் தனியாருடையது. பொது நிலம் குறைவு, லீஸ் விலை அதிகம். அதனால் அனுமதி இல்லாமல் நுழைபவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். இரவில் சாலையிலிருந்து லைட் அடித்து மான் சுடுபவர்கள், காட்டுப்பன்றிக்கு நாய் விடுபவர்கள், குளிர்கால முடிவில் உதிர்ந்த மான் கொம்பு பொறுக்க வருபவர்கள், சும்மா வண்டி ஓட்டித் திரியும் பக்கத்து ஊர்ப் பையன்கள். மான் சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை ஆரம்பிக்கிறது. எனக்குப் போன இரண்டு கேமராவும் அக்டோபர் கடைசியில்தான் போயின. ஆனால் பன்றிக்கு சீசனே கிடையாது. ஆகவே ஆண்டு முழுவதும் கவனம் வேண்டும்.

எடுப்பவர்களை நான் இரண்டு விதமாகப் பார்க்கிறேன். ஒருவனுக்குக் கேமரா வேண்டும். இன்னொருவனுக்குக் கேமரா வேண்டாம். அதற்குள் இருக்கும் தன் முகம் வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான். முதல் ஆளைப் பூட்டு தடுக்கும். இரண்டாவது ஆளைப் பூட்டு தடுக்காது, உடைத்துவிட்டுப் போவான். நம் ஏற்பாடு இரண்டு பேருக்கும் சேர்த்து இருக்க வேண்டும்.

பைத்தான் லாக் வாங்கிப் போட்டா போதுமா?

பைத்தான் என்பது மரத்தைச் சுற்றி இழுத்துப் பூட்டும் எஃகுக் கேபிள். வெறும் பெல்ட்டை விட நூறு மடங்கு மேல். என் முதல் கேமரா போனபோது லைவ் ஓக் மரத்தில் பெல்ட்டின் இரண்டு முனைகள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. பேனாக்கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்திருக்கிறான். வெட்டு அவ்வளவு நேராக இருந்தது.

கேபிளோடு எஃகுப் பெட்டியும் சேர்த்தால்தான் முழுப் பலன். கேமரா மாடலுக்கு ஏற்ற பெட்டி வாங்கி, முதலில் பெட்டியை நீளமான லேக் போல்ட்டால் (மரத்துக்குள் திருகி இறக்கும் தடித்த திருகாணி) மரத்தில் முடுக்கிவிட வேண்டும். போல்ட்டின் தலை பெட்டிக்கு உள்ளே இருக்கும். கேமராவை உள்ளே வைத்து மூடிப் பூட்டினால் ஸ்பேனர் போட இடமே கிடைக்காது. போல்ட் கட்டரோடு வருபவன் கேபிளை வெட்டுவான், உண்மைதான். ஆனால் சும்மா நடந்து வந்தவன் கையில் போல்ட் கட்டர் இருக்காது. லீஸ் நிலமாக இருந்தால் மரத்தில் போல்ட் அடிக்கும் முன் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எவ்வளவு உயரத்துல மாட்டணும்? எல்லாரும் இடுப்பு உயரம்னு சொல்றாங்களே?

மானை மட்டும் பார்க்க இடுப்பு உயரம் சரி. திருட்டுக்குப் பயந்தால் 8 முதல் 10 அடி உயரத்தில் மாட்டி, மேல்பக்கம் ஒரு குச்சியை ஆப்பு போலச் செருகி, முகத்தைக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். நடக்கிற மனிதன் பாதையையும் தன் கண் மட்டத்தையும்தான் பார்க்கிறான். அண்ணாந்து பார்ப்பது அபூர்வம். ஏணியை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மரத்தடியில் விட்டால் அவனுக்கும் அதே ஏணிதான்.

மரம் முக்கியம். லைவ் ஓக்கும் சீடரும் குளிர்காலத்திலும் பச்சையாக இருக்கும். மெஸ்கீட் நம்ம ஊர் சீமைக்கருவேலத்தின் பங்காளி; குளிரில் இலையை உதிர்த்துவிடும், செப்டம்பரில் மறைந்திருந்த கேமரா டிசம்பரில் அம்மணமாக நிற்கும். முகம் வடக்குப் பார்த்து இருந்தால் வெயில் லென்ஸில் விழாது.

இன்னொன்று, திருடனுக்கு முன்பே வருவது நெருப்பெறும்பு. ஒரு முறை நான் பெட்டியைத் திறந்தபோது பேட்டரிகளுக்கு நடுவே வெள்ளை முட்டைகளும் மண்ணுமாக ஒரு புற்றே இருந்தது. கை முழுக்கக் கொப்புளம். மூடியின் ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

ராத்திரில சிவப்பா மினுக்குதே, ஆளுக்குத் தெரிஞ்சுடாதா?

தெரியும். 850 நானோமீட்டர் இன்ஃப்ராரெட் விளக்கு உள்ள கேமரா படம் எடுக்கும்போது மங்கலான சிவப்புப் பொட்டுகள் தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு மனிதக் கண்ணுக்குத் தெரியாது. கடையில் இதை "நோ க்ளோ" என்று எழுதியிருப்பார்கள். படம் கொஞ்சம் மங்கலாக வரும், தூரமும் குறையும். மான் பார்க்கும் இடத்தில் முதல் வகை போதும். கேட், வேலி, ஷெட் போன்ற ஆள் நடமாடும் இடங்களில் நோ க்ளோ தவிர வேறு எதையும் நான் மாட்டுவதில்லை.

செல்லுலார் கேமராவுக்கு மாசா மாசம் காசு கட்டணுமே, அவ்வளவு அவசியமா?

எல்லா இடத்துக்கும் அவசியமில்லை. கேட்டுக்கும் ஃபீடர் ஒன்றுக்குமாவது அவசியம். இரண்டாவது கேள்வியில் சொன்ன அந்த இரண்டாவது ஆளை நினைத்துப் பாருங்கள். கார்டு கேமராவை அவன் எடுத்துப் போனால் அவன் முகமும் அதோடு போகிறது. செல்லுலார் என்றால் அவன் கேமராவைக் கழற்றிக்கொண்டு கிளம்பும் முன்பே படம் உங்கள் போனுக்கு வந்துவிட வாய்ப்பு உண்டு. கேமரா போனாலும் படம் நம்மிடம் இருக்க வேண்டும். நான் மாட்டுகிற எல்லாவற்றையும் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் மாட்டுகிறேன்.

வாங்கும் முன் அந்த மரத்தடியில் நின்று எந்த நிறுவனத்தின் சிக்னல் வருகிறது என்று போனில் பாருங்கள். ஆப்பில் படம் அனுப்பும் இடைவெளியையும் கவனியுங்கள். பேட்டரி மிச்சம் பிடிக்க "நாளுக்கு இரண்டு முறை" என்று வைத்திருந்தால் கேமரா போன பிறகுதான் தெரியவரும். கேட் கேமராவில் "உடனே" என்று மாற்றுங்கள். சோலார் பலகை மாட்டுவதானால் அதைத் தனியாக உயரத்தில் மாட்டி ஒயரைக் கிளையோடு ஓட்டுங்கள். அதன் பளபளப்பு தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும்.

கேட்ல மாட்டிட்டேன் அண்ணா. ஆனா ராத்திரி நம்பர் பிளேட் வெள்ளையா எரிஞ்சுபோய் வருது.

நம்பர் பிளேட்டின் பூச்சு வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். கேமராவின் இன்ஃப்ராரெட் நேராகப் பட்டால் எழுத்தெல்லாம் கரைந்து வெள்ளைப் பலகைதான் தெரியும். பக்கவாட்டில் கோணமாக மாட்டினால் ஓரளவு குறையும். ஓடுகிற வண்டி இரவில் கலங்கலாகத்தான் வரும், அதற்கு வழி இல்லை.

நான் செய்வது வேறு. கேட்டைத் திறக்க யாராக இருந்தாலும் இறங்கித் தாழ்ப்பாளிடம் வர வேண்டும். குறைந்தது பத்து நொடி நிற்க வேண்டும். ஒரு கேமராவை முழுக்க அந்தத் தாழ்ப்பாளை நோக்கி வைத்திருக்கிறேன். சங்கிலியைத் தடவிக்கொண்டு குனியும் ஆளின் முகம், தொப்பி, சட்டை, பின்னால் நிற்கும் வண்டியின் உருவம் எல்லாம் தெளிவாக விழும்.

டம்மி கேமரா வெச்சு ஏமாத்தலாமா?

தாராளமாக. பழுதான பழைய கேமராவைப் பாதையோரம் கண் மட்டத்தில் பளிச்சென்று கட்டுங்கள். இருபதடி தள்ளி உயரத்தில் உண்மையான கேமரா அதையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். அவன் டம்மியிடம் நேராக வந்து முகத்தைக் காட்டி நிற்பான். இரண்டாவது கேமராவை இழந்த பிறகுதான் இதைச் செய்யத் தொடங்கினேன்.

"நோ ட்ரெஸ்பாஸிங்" போர்டு வைக்கலேன்னா கேஸ் நிக்காதுன்னு சொல்றாங்களே?

முழுக்கச் சரியில்லை. நுழையக் கூடாது என்ற அறிவிப்பு அவனுக்கு இருந்திருக்க வேண்டும் என்பதே டெக்சஸ் சட்டம். அந்த அறிவிப்பு பல விதமாக இருக்கலாம்: வாயால் சொன்னது, வாசலில் உள்ள போர்டு, ஆளைத் தடுக்கவோ மாட்டை அடைக்கவோ போட்ட வேலி, அல்லது ஊதா பெயின்ட்.

ஊதா பெயின்ட் 1997-ல் வந்த சட்டம், அளவும் அதிலேயே இருக்கிறது. மரத்திலோ கம்பத்திலோ செங்குத்தான கோடு, நீளம் 8 அங்குலத்துக்கும் அகலம் 1 அங்குலத்துக்கும் குறையக் கூடாது. கோட்டின் அடிமுனை தரையிலிருந்து 3 முதல் 5 அடிக்குள் இருக்க வேண்டும். மரக்காடாக இருந்தால் 100 அடிக்கு ஒன்று, வெட்டவெளியாக இருந்தால் 1,000 அடிக்கு ஒன்று. போர்டை ஒருவன் பிடுங்கி எறிந்துவிடலாம், பெயின்ட்டைப் பிடுங்க முடியாது. "கேமரா கண்காணிப்பு உண்டு" என்ற போர்டை மட்டும் கேட்டோடு நிறுத்துங்கள். உள்ளே வைத்தால் தேடச் சொல்லிக் கொடுத்தது போல.

அத்துமீறல் சாதாரணமாக கிளாஸ் பி குற்றம். 180 நாள் வரை சிறையும் 2,000 டாலர் வரை அபராதமும் உண்டு. அனுமதியின்றி நுழைந்து வெள்ளைவால் மானைக் கொன்றால் அது ஃபெலனி என்னும் கடுமையான குற்றம் வரை போகும்.

படத்துல ஆள் மாட்டிட்டான். உடனே செரீஃப் (கவுன்ட்டி போலீஸ்) ஆபீசுக்கு அனுப்பிடலாமா?

ஒரு நிமிடம் பொறுங்கள். நிலம் நம் பேரில் இருப்பதால் உள்ளே வந்த எல்லோரும் அத்துமீறியவர்கள் ஆகிவிட மாட்டார்கள். இதில் நம்மவர்கள் அடிக்கடி தவறுகிறார்கள். டெக்சஸில் மண்ணுக்கு மேல் ஒருவருக்கும் கீழே இருக்கும் எண்ணெய், எரிவாயு வேறொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். கீழ் உரிமை உள்ளவருக்குத் தேவையான அளவு மேல் நிலத்தைப் பயன்படுத்தவும் உரிமை உண்டு. ஆகவே கேமராவில் விழுந்த வெள்ளை பிக்கப் எண்ணெய்க் கிணறு பார்க்க வந்த ஆளாக இருக்கலாம். மின்கம்பி கம்பெனிக்கு ஈஸ்மென்ட் (அடுத்தவர் நிலத்தைக் குறிப்பிட்ட வேலைக்குப் பயன்படுத்தும் உரிமை) இருக்கலாம். சாலை இல்லாத பின் நிலத்துக்காரருக்கு உங்கள் நிலம் வழியே பாதை உரிமை இருக்கலாம். நிலம் வாங்கியபோது வந்த டைட்டில் காகிதங்களை எடுத்து ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள், பெரும்பாலானவை அதில் இருக்கும்.

கேம் வார்டனும் வருவார். வேட்டைச் சட்டத்தை அமல்படுத்தத் தனியார் நிலத்துக்குள் நுழைய அவருக்கு அதிகாரம் உண்டு. இவர்கள் யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு அனுப்புங்கள். வெறும் அத்துமீறல், திருட்டு என்றால் செரீஃப். துப்பாக்கி, லைட், மான் சம்பந்தப்பட்டால் கேம் வார்டன்.

எங்க நிலத்தை ஒட்டி ஆறு ஓடுது. ஆத்துக்குள்ள நடந்து வர்றவங்களும் அத்துமீறல்தானே?

பெரும்பாலும் இல்லை. முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி சராசரியாக 30 அடி அகலம் இருக்கும் ஆறு, சட்டப்படி படகு போகும் ஆறு. அதன் படுகை பொதுவானது. லானோ ஆற்றில் முழங்கால் தண்ணீர்கூட இல்லாத நாளிலும் மீன் பிடிக்க அந்தப் பாறையில் நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. கரையேறி உங்கள் வேலிக்குள் கால் வைத்தால்தான் பேச்சு. ஆனால் படுகையில் ஜீப்போ ஏடிவியோ (காட்டுப் பாதையில் ஓட்டும் சின்ன நாலு சக்கர வண்டி) ஓட்டுவது 2004 முதல் பெரும்பாலான ஆறுகளில் தடை.

ஆகவே ஆற்றுப் படுகையில் கேமரா கட்டாதீர்கள். கரை மேல், உங்கள் பக்கத்து மரத்தில், மேலே ஏறும் ஒற்றையடிப் பாதையைப் பார்த்துக் கட்டுங்கள்.

"அடிபட்ட மானைத் தேடித்தான் உள்ள வந்தேன்"னு பக்கத்து லீஸ்காரர் சொல்றார். சட்டப்படி வரலாமா?

வரக் கூடாது. அவர் நிலத்தில் சுட்ட மான் உங்கள் நிலத்தில் வந்து விழுந்தாலும், அனுமதி கேட்டுத்தான் அவர் வேலி தாண்ட வேண்டும். உங்களுக்கும் இதே விதி.

ஆனால் சட்டம் தெரிந்ததும் கறாராக நின்றுவிடாதீர்கள். சீசனுக்கு முன்பே நாலு பக்க அண்டை வீட்டாரையும் பார்த்து போன் நம்பர் மாற்றிக்கொள்ளுங்கள். "மான் இந்தப் பக்கம் வந்தால் கூப்பிடுங்கள், நானும் சேர்ந்து தேடுகிறேன்" என்று சொல்லிவையுங்கள். என் வேலியை ஒட்டிய ராஞ்ச்காரர் எழுபது வயதைத் தாண்டியவர், தினமும் காலையில் அந்த வழியாகத்தான் மாட்டுக்குத் தீவனம் போடப் போவார். தெரியாத வண்டி நின்றால் எனக்குச் செய்தி அனுப்பிவிடுவார். வாரக் கடைசியில் மட்டும் போகிற நமக்கு அதை விடப் பெரிய காவல் கிடைக்காது.

நேர்ல மாட்டினா நானே மடக்கிப் பிடிச்சுக்கறேன். இல்லேன்னா பொறி ஏதாவது வெச்சா என்ன?

இரண்டும் வேண்டாம். வேட்டை நிலத்தில் நுழைபவன் கையில் துப்பாக்கி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நூறு, நூற்றைம்பது டாலர் பெட்டிக்காக அவன் முன்னால் போய் நிற்க வேண்டாம். தூரத்திலிருந்து வண்டியின் நிறம், நம்பர், போன திசை இவற்றைக் குறித்துக்கொண்டு செரீஃப் ஆபீசைக் கூப்பிடுங்கள். மரத்தில் தூண்டில் முள், பிளேடு, ஆணிப் பலகை என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதில் கிழிபடப் போவது உங்கள் பிள்ளையின் கையாகவோ கேம் வார்டனின் காலாகவோ இருக்கலாம். அப்போது குற்றவாளிக் கூண்டில் நிற்பது நீங்கள்தான்.

முகம் தெளிவா இருக்கு. ஃபேஸ்புக்ல "இந்தத் திருடனைத் தெரியுமா"ன்னு போடலாமா?

முதலில் செரீஃப். அவர்கள் விசாரிக்கும் முன் நீங்கள் போட்டால் அவன் கேமராவை ஆற்றில் எறிந்துவிடுவான். போட்டே ஆக வேண்டுமென்றால் "திருடன்" என்ற சொல் வேண்டாம்; எண்ணெய்க் கிணற்று ஆளைத் திருடன் என்று ஊருக்கே அறிவித்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

வீடியோவுல பேச்சும் பதிவாகுது. நல்லதுதானே?

நல்லதில்லை. பேசுபவர்களில் ஒருவராவது சம்மதிக்காமல் அவர்கள் பேச்சைப் பதிவு செய்வது டெக்சஸில் குற்றமாகலாம். செட்டிங்கில் ஆடியோவை அணைத்துவிடுங்கள். அதே போல் லீஸ் கேபின், குளிக்கும் இடம், பக்கத்து வீட்டு முற்றம் இவற்றை நோக்கி எந்தக் கேமராவும் இருக்கக் கூடாது.

கேமரா போயே போச்சு. இப்ப என்ன செய்யணும்?

செல்லுலார் என்றால் ஆப்பில் கணக்கை மூடாதீர்கள், மாதச் சந்தாவையும் நிறுத்தாதீர்கள். பதற்றத்தில் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். கேமரா இன்னும் உங்கள் கணக்கோடு இணைந்திருக்கிறது. எடுத்தவன் அதை வீட்டில் வைத்து ஆன் செய்தால் அவன் வரவேற்பறை உங்கள் போனுக்கு வரலாம். ஜிபிஎஸ் உள்ள மாடலாக இருந்தால் இடமும் தெரியும். எஃகுப் பெட்டிக்குள் ஏர்டேக் (இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் ஆப்பிளின் சின்ன வில்லை) ஒளித்து வைப்பவர்களும் உண்டு. ஆனால் கூடவே ஏர்டேக் வருவதை அவன் ஐபோன் அவனுக்கே சொல்லிவிடும். இடம் தெரிந்தாலும் நீங்களே கிளம்பிப் போகக் கூடாது, காரணம் மேலே சொன்னதுதான்.

பிறகு புகார். சீரியல் நம்பர் இல்லாமல் போனால் அது கறுப்புப் பெட்டி ஒன்று, அவ்வளவுதான். நம்பர் இருந்தால் திருட்டுப் பொருள் பட்டியலில் ஏறும். அடகுக் கடையில் பிடிபட்டாலும் உங்களுடையது என்று நிரூபிக்கலாம். வாங்கிய அன்றே ஸ்டிக்கரையும் ரசீதையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பேட்டரி மூடிக்கு உட்பக்கம் "டிஎக்ஸ்" என்று போட்டு உங்கள் ஓட்டுநர் உரிம எண்ணைச் செதுக்குங்கள். பின் நம்பர் போட்டுப் பூட்டும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். டெக்சஸில் திருட்டின் தரம் பொருளின் மதிப்பை வைத்து மாறுகிறது. 100 டாலருக்குக் கீழே என்றால் வெறும் அபராதக் குற்றம், 100-ஐத் தொட்டால் கிளாஸ் பி. அதனால் கேமரா, பெட்டி, பூட்டு, கார்டு எல்லாவற்றின் ரசீதையும் சேர்த்துக் கொடுங்கள். வீட்டு இன்ஷூரன்ஸை நம்ப வேண்டாம், நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய முதல் தொகையே கேமரா விலையை விட அதிகமாக இருக்கும்.

லீஸ் நிலம்தான் என்னுது. நான் புகார் கொடுக்க முடியுமா?

கேமரா உங்கள் பொருள், திருட்டுப் புகார் நீங்கள் கொடுக்கலாம். அத்துமீறலுக்கு நில உரிமையாளர் கூட நிற்பது நல்லது. லீஸ் காகிதத்தில் "வேறு யார் யாருக்கு நுழையும் உரிமை" என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள். மாடு மேய்க்க வேறொருவருக்கும் லீஸ் இருப்பது இங்கே சகஜம்; அவர் ஆட்கள் தினமும் வருவார்கள். காகிதத்தின் நகல் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

இதையெல்லாம் அப்படியே வேற ஸ்டேட்லயும் செய்யலாமா?

மாட்டுவதற்கு முன் அந்த மாநில விதியைப் படியுங்கள். அரிசோனாவில் 2022 ஜனவரி முதல் வேட்டைக்காக ட்ரெயில் கேமரா வைப்பதே தடை. ஊதா பெயின்ட்டும் எல்லா மாநிலத்திலும் செல்லாது. ஐடஹோவிலும் மொன்டானாவிலும் அதற்கு ஆரஞ்சு நிறம்.